வெளியே மறுத்துப் பேசக் கூடாது

ஏப்ரல் 27, சனி

இந்த ஆண்டு டைரியில் கோடுகளை மிக மெலிதாக அச்சடித்திருக்கிறார்கள். ஜனவரியிலேயே கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். பேனாக்களும் அப்படித்தான், மைக்குப் பதில் தண்ணீரை அடைத்து விற்கிறார்கள். இன்று முதல் தடித்த ஸ்கெட்ச் பேனாவால் எழுதுகிறேன்.

மதுரையிலிருந்து என் தங்கை அகத்தா வந்துவிட்டாள். அவள் மகள் ஜூலியட்டும், ஜூலியட்டின் மகள் டோனாவும் நாளை சென்னையிலிருந்து வருகிறார்கள். மே மாதத்தில் கொடைக்கானலில் ஒரு வீடு எடுத்து எல்லோருமாகத் தங்குவது எங்கள் வழக்கம். என் கணவர் சவரிராயன் இருந்த காலத்திலேயே தொடங்கியது. இந்த ஆண்டு அது வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். கொடைக்கானலில் இப்போது மனிதர் கால் வைக்க இடம் இல்லை. திருச்சியைச் சுற்றி இத்தனை இடங்கள் இருக்க, அந்தப் பிள்ளை ஒன்றையும் பார்த்ததில்லை. காலையில் கிளம்பினால் மாலை ஜெபமாலைக்கு வீட்டில் இருக்கலாம். நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று தெரிவித்துவிட்டேன்.

"மலைப்பாதையில நடக்கப் பயந்துட்டியாக்கா?" என்றாள் அகத்தா, பெட்டியை இறக்கி வைத்ததும் வைக்காததுமாக. காபி ஆறுகிறது என்று சொன்னேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்தோம். புடவை மாற்றும்போது என் முழங்காலில் இருந்த காயத்தை அகத்தா பார்த்துவிட்டாள். எங்கள் மேலப்புதூரில் யாரோ தெருவில் கல்லைக் கொட்டி வைத்தால் நான் என்ன செய்வது? அவள் விடவில்லை. வலக்கை விரலில் இருந்த சூட்டுத் தழும்பையும் கண்டுபிடித்தாள். பிறகு பிப்ரவரியில் கண் மருத்துவர் என்ன சொன்னார் என்று கேட்டாள். மருத்துவர் சொன்னதை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை. மிக இளைஞர். குரலில் தயக்கம் இருந்தது. தயங்கிப் பேசுபவர்களை நான் பொருட்படுத்துவதில்லை.

கடைசியில் அகத்தா ஒரு பந்தயம் கட்டினாள். அப்படியே எழுதுகிறேன், பிறகு அவள் மாற்றிப் பேசக் கூடாது.

"இந்த மாசம் முழுக்க நீதான் எங்களக் கூட்டிட்டுப் போற. நீதான் வழி காட்டணும். எங்கயாவது தடுமாறினா, இந்த வீட்டப் பூட்டிட்டு என்னோட மதுரைக்கு வந்துரணும். தடுமாறலன்னா, அதுக்கப்புறம் உன் வீட்டப் பத்தி நான் வாயத் தெறக்க மாட்டேன்."

"நீ வாயத் தெறக்காம இருக்கறதப் பாக்கறதுக்காகவே நான் ஜெயிக்கணும்டி" என்றேன்.

ஏப்ரல் 29, திங்கள்

டோனாவுக்கு ஏழு வயது. நல்ல பிள்ளை, ஆனால் வாய் அதிகம். பால் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் முன்னால், "பெரிய அம்மாச்சி, இது தயிரு" என்றாள். கடைக்காரர் பாக்கெட்டை மாற்றிக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் அவளை உட்கார வைத்து நம் குடும்ப விதியைச் சொன்னேன். வெளியே, நாலு பேர் முன்னால், பெரியவர்களை மறுத்துப் பேசக் கூடாது. தவறு என்று தோன்றினால் வீட்டுக்கு வந்து தாராளமாகச் சொல்லலாம், நான் காது கொடுத்துக் கேட்பேன். ஜூலியட் ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளி முடியும்வரை என்னிடம் தங்கித்தான் கான்வென்ட்டில் படித்தாள். அவளுக்கும் இதே விதிதான். இன்றுவரை அவள் வெளியே என்னை மறுத்து ஒரு சொல் சொன்னதில்லை. எனக்குப் பிள்ளைகள் இல்லை. என்றாலும் வளர்க்கத் தெரியாதவள் என்று யாரும் சொல்ல முடியாது.

மே 1, புதன்

மலைக்கோட்டை. வெயில் ஏறுவதற்கு முன்பே படி ஏறத் தொடங்கிவிட்டோம். நாங்கள் வேதக்காரர்கள், என்றாலும் அப்பா காலத்திலிருந்தே உச்சியில் போய்க் காற்று வாங்குவோம்.

இந்த நாளை முழுமையாக எழுத வேண்டும். தெரு வெளிச்சத்திலிருந்து பாறைக்குள் குடைந்த படிகளில் நுழைந்ததும் எல்லோருக்கும் கண் இருட்டிக்கொண்டது. அகத்தா சுவரைத் தடவிக்கொண்டு நின்றுவிட்டாள். ஜூலியட் பிள்ளையின் கையைப் பிடித்தாள். நான் நிற்கவே இல்லை. எந்த இடத்தில் படி உயரம், எங்கே தேய்ந்து வழுக்கும், எங்கே திரும்ப வேண்டும் என்று என் பாதங்களுக்குத் தெரியும். மேலே நின்று, "என்ன அகத்தா, பந்தயத்துல சேந்தது நீயா நானா?" என்று கேட்டேன். கீழே யாரோ ஓர் ஆள் சிரித்தார்.

உச்சியில் டோனாவுக்கு ஒவ்வொன்றாகக் காட்டினேன். இந்தப் பக்கம் காவிரி, அதற்கு அப்பால் ஸ்ரீரங்கத்துப் பெரிய கோபுரம், இந்தக் கை நீட்டும் திசையில் லூர்து மாதா கோயில், பின்னால் பொன்மலை. "ஆமா, ஆமா" என்று ஒவ்வொன்றுக்கும் குதித்தாள். ஒன்றும் தவறவில்லை.

இறங்கும்போது அகத்தா என் பக்கத்தில் வந்தாள். வழியெல்லாம் பேச்சு. "என்ன கட்டியிருக்கான், இந்தப் படி பாதிதான் இருக்கு", "இந்த ஆளு பாரு, வழியிலயே கூடையப் பரப்பிட்டு உக்காந்திருக்கான்." இந்த வயதில் இவளுக்கு இத்தனை பேச்சு எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை.

மே 4, சனி

அகத்தா சமையலறை டப்பாக்களை இடம் மாற்றி அடுக்கியிருந்தாள். பழையபடி வைக்கச் சொன்னேன். வைத்தாள்.

மே 8, புதன்

ரயில்வே அருங்காட்சியகம். டோனா சின்ன ரயிலில் சுற்றினாள். உள்ளே ஒரு பழைய தொலைபேசிப் பலகை வைத்திருந்தார்கள். என் விரல்கள் தாமாகவே செருகு கயிறுகளைத் தேடின. நான் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் வெளியூர் அழைப்புகளை இணைக்கும் வேலை பார்த்தவள், மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவள். அந்தக் காலத்தில் கான்வென்ட் உச்சரிப்புக்காகவே எங்களை எடுப்பார்கள். "நம்பர் ப்ளீஸ்" என்று நான் சொன்ன விதத்தைக் கேட்டு டோனா இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.

காவலாளி ஓடி வந்தார். "தொடாதீங்கன்னு இவ்ளோ பெருசா போட்டிருக்கு பாருங்கம்மா." பார்த்துத்தான் தொட்டேன் என்று சொன்னேன். அகத்தா அவரைத் தனியே அழைத்துப்போய் ஏதோ பேசினாள். திரும்பி வந்தவர் எனக்கு நாற்காலி போட்டார். எக்ஸ்சேஞ்ச் என்றால் இன்றும் மரியாதை இருக்கிறது.

மே 11, சனி

ஸ்ரீரங்கத்துக்கு அப்பால் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. என் காலத்தில் இல்லாத இடம். நான் வாசலுக்கு அருகே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். பூச்சிகளுக்குப் பின்னால் சுற்ற எனக்கு வயதில்லை. இது தடுமாறுவதில் சேராது என்று அகத்தாவிடம் முன்கூட்டியே பேசி முடித்துக்கொண்டேன்.

மே 14, செவ்வாய்

அகத்தா தூங்கும்போதும் ரேடியோவை ஓடவிடுகிறாள். அவள் கணவர் இறந்து இரண்டாவது ஆண்டு. மதுரையில் அப்படியே பழகிவிட்டதாம். நிறுத்தச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்துச் சின்னதாக மறுபடி வைத்தாள். விட்டுவிட்டேன்.

மே 18, சனி

முக்கொம்பு. சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து பஸ். எலுமிச்சைச் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், அவித்த முட்டை, எல்லாம் என் கையால் செய்தவை. காவிரி இரண்டாகப் பிரியும் இடம் என்று டோனாவுக்கு விளக்கினேன். மதகுகளில் தண்ணீர் விழும் சத்தம் குறைவாக இருந்தது; கோடை.

பூங்காவில் எங்களுக்கென்று ஒரு தூங்குமூஞ்சி மரம் உண்டு. நானும் அகத்தாவும் பாவாடை கட்டிய காலத்திலிருந்து அதன் நிழலில்தான் சாப்பாடு. வாசலிலிருந்து நேரே போய், பாதை சரியும் இடத்தில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். நான் முன்னால் நடந்தேன். "இதோ நம்ம மரம். பாயை விரிங்க" என்றேன்.

"ஆமாக்கா" என்றாள் அகத்தா. "அதே மரந்தான்."

பாயை விரித்தார்கள். இந்த ஆண்டு இலை மிகவும் உதிர்ந்துவிட்டது போலிருக்கிறது, கழுத்தில் வெயில் அடித்தது. அகத்தா குடையை விரித்து என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டாள். மரத்தடியில் குடை எதற்கு என்று கேட்டேன். காக்கா எச்சம் போடும் என்றாள். டோனா வழக்கத்துக்கு மாறாக ஒன்றும் பேசாமல் சாப்பிட்டாள். நல்ல பழக்கம் வந்துகொண்டிருக்கிறது.

மாதம் முடியப் போகிறது. இதுவரை ஓரிடத்திலும் தடுமாறவில்லை.

மே 19, ஞாயிறு

பூசையில் மனம் நிற்கவில்லை.

நேற்று நான் "இதோ நம்ம மரம்" என்று சொன்னதற்கும், அகத்தா "ஆமாக்கா" என்று சொன்னதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தது. மிகச் சிறியது. ஆனால் நான் வாழ்நாளெல்லாம் காதில் குரல்களை வைத்திருந்தவள். மெட்ராசிலிருந்து ஒருவர் "எல்லாரும் சௌக்கியம்" என்று சொல்வதற்கு முன் இழுக்கும் மூச்சிலேயே, வீட்டில் யாரோ படுக்கையில் கிடக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

இன்னொன்று. அவ்வளவு பெரிய மரம் என்றால் தலைக்கு மேலே சத்தம் இருக்கும். கிளி, அணில், இலை. நேற்று மேலே ஒன்றுமே இல்லை.

மே 22, புதன்

கல்லணை.

ஒரு காரியம் செய்தேன். அணை மேல் நின்று, காற்று முகத்தில் அடிக்க, வலப்பக்கம் கையை நீட்டினேன். "அதோ அந்த மணிக்கூண்டு எவ்வளவு அழகா இருக்கு பாத்தீங்களா?" என்றேன்.

"ஆமா பெரியம்மா, அழகா இருக்கு" என்றாள் ஜூலியட்.

"நேரங்கூடச் சரியா காட்டுது" என்றாள் அகத்தா.

டோனா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அம்மா அவள் கையை அழுத்தியிருப்பாள். வளையல் சத்தம் கேட்டது.

கல்லணையில் நான் காட்டிய திசையில் மணிக்கூண்டு கிடையாது. என் நினைவில் என்றுமே இருந்ததில்லை.

திரும்பும் பஸ்ஸில் எல்லோருக்கும் வறுத்த கடலை வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு, அவர்கள் யாராவது வாயைத் திறப்பார்களா என்று காத்திருந்தேன். வீட்டில் சொல்லலாம் என்பதுதானே விதி. ஜெபமாலை முடிந்தது, சாப்பாடு முடிந்தது. ஒருவரும் சொல்லவில்லை.

மே 23, வியாழன்

இன்று எங்கும் போகவில்லை. தலைவலி என்று சொல்லியிருக்கிறேன்.

மே 25, சனி

இரண்டு நாட்களாக ஒரே கேள்வி. ஜூலியட்டைப் புரிந்துகொள்ள முடிகிறது. நான் வளர்த்த பிள்ளை. ஆனால் அகத்தா? முக்கொம்பில் "அக்கா, மரம் இல்ல" என்று அவள் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே பந்தயம் அவளுக்கு. நான் மதுரைக்குப் பெட்டி கட்டியிருக்க வேண்டும். அதைத்தானே இத்தனை நாளாகக் கேட்கிறாள். ஜெயிக்க வேண்டியவள் ஏன் குடையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றாள்?

நான் பள்ளியில் த்ரோபால் அணிக்குத் தலைவி. ஒரு போட்டியில் பந்து என் பாவாடையை உரசிக்கொண்டு போனது. நடுவர் பார்க்கவில்லை. நான் கையைத் தூக்கிச் சொன்னேன், புள்ளியை இழந்தோம். மதர் பெர்னதெத் எல்லோர் முன்னாலும் எனக்குக் கை கொடுத்தார். கோப்பையை மறந்துவிட்டேன், அந்தக் கையை மறக்கவில்லை.

பொய்யாக ஜெயிக்க மாட்டேன். அதற்கு நான் பழகியவளும் இல்லை.

மே 29, புதன்

மறுபடி முக்கொம்புக்குப் போகிறோம் என்று காலையில் அறிவித்தேன். "ஏற்கெனவே பாத்தாச்சே பெரியம்மா" என்றாள் ஜூலியட். ஒழுங்காகப் பார்க்கவில்லை என்றேன்.

அதே வழியில் நானே முன்னால் நடந்தேன். பாதை சரியும் இடத்தில் இடப்பக்கம் திரும்பி நின்றேன். வெயில் உச்சந்தலையில் விழுந்தது. டோனாவைக் கூப்பிட்டு, இங்கே என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. அம்மாவைப் பார்த்திருப்பாள்.

"பெரியவங்கள வெளியே மறுத்துப் பேசக் கூடாதுன்னு நான் ஒரு விதி சொன்னேன் இல்லையா? அத இப்போ எடுத்துட்டேன். இனிமே அந்த விதி கிடையாது. சொல்லு" என்றேன்.

"மரம் இல்ல பெரிய அம்மாச்சி. வெட்டிட்டாங்க. வட்டமா கட்ட மட்டும் இருக்கு. அன்னிக்கு நாம வெயில்லதான் சாப்ட்டோம்."

"அந்தக் கட்டைகிட்ட என்னக் கூட்டிட்டுப் போ."

கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். குனிந்து தொட்டுப் பார்த்தேன். என் கைகள் இரண்டையும் விரித்தாலும் எட்டாத அகலம். நடுவில் பிளந்திருந்தது, ஓரத்தில் ஒரு துளிர் விட்டிருந்தது. புடவையை ஒதுக்கிக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்தேன். வசதியாகத்தான் இருந்தது.

"பந்தயத்துல நான் தோத்துட்டேன், அகத்தா" என்றேன். "எனக்கு வெளிச்சமும் நிழலும் தெரியும். ஆள் உருவம் தெரியும், முகம் தெரியாது. இன்னும் குறையும்னு டாக்டர் சொல்லிட்டார். மதுரைக்கு வர்றேன்."

பிறகு டோனாதான் தொடங்கினாள். கதவைத் திறந்துவிட்டது நான்தான். அவளைக் குறை சொல்ல முடியாது.

"பெரிய அம்மாச்சி, நீங்க போட்டிருக்கற செருப்பு ரெண்டும் வேற வேற."

"டோனா" என்றாள் ஜூலியட்.

"அவங்கதாம்மா சொல்லச் சொன்னாங்க. அப்புறம், போன ஞாயித்துக்கெழம கோயில்ல நீங்க ஒரு மாமாவுக்கு நெத்தியில சிலுவ போட்டு ஆசீர்வாதம் பண்ணீங்க இல்ல, அது மாமா இல்ல. தூணு."

ஜூலியட்டுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரிப்போடு சிரிப்பாக அவளும் சேர்ந்துகொண்டாள். எலுமிச்சைச் சாதத்தில் கடுகுக்குப் பதில் கசகசா இருந்ததாம். என் சாம்பல் நிறப் புடவையை இந்த மாதம் மூன்று முறை உள்புறம் வெளியே தெரியக் கட்டினேனாம். சொல்லிக்கொண்டே வந்தவள் திடீரென்று மூக்கை உறிஞ்சினாள். இத்தனையையும் ஒரு மாதம் வாய்க்குள் வைத்திருந்த பிள்ளைகளை நினைத்தால் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வேறு யார் வீட்டிலும் இந்தக் கட்டுப்பாட்டைப் பார்க்க முடியாது.

அகத்தா மட்டும் பேசவில்லை. அவளை என் பக்கத்தில் கட்டைமேல் உட்காரச் சொன்னேன். நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"தோத்தா உன் மூஞ்சி எப்படிப் போகும்னு எனக்குத் தெரியும்க்கா. அத நான் பாக்க வேண்டாம்னு இருந்தேன்."

"அப்புறம் எதுக்கு ஒரு மாசமா என்ன மதுரைக்குக் கூப்பிட்ட?"

நான் காத்திருந்தேன். எதிர்முனை பேசாவிட்டாலும் இணைப்பு அறுந்துவிட்டதா, ஆள் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியும். ஆள் இருந்தாள்.

"உன் கண்ணுக்காக மட்டும் கூப்பிடலக்கா" என்றாள் கடைசியில். "அவரு போனதுலேர்ந்து அந்த வீட்டுல நான் பேசினா எனக்கேதான் திரும்பக் கேக்குது."

இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். என் முழங்காலையும் விரலையும் சாட்சிக்கு இழுத்திருக்க வேண்டியதில்லை. எங்கள் இருவரையும் ஒரே தாய்தான் வளர்த்தாள் என்பது இப்படி வெளியே வருகிறது.

"அப்ப வர்றேன். தோத்தவ வரணும்" என்றேன்.

"மதுரைல வந்து என்ன செய்வ? அங்க உனக்கு ஒரு படி தெரியுமா, ஒரு சந்து தெரியுமா? எடுத்து வச்ச முத அடியிலயே விழுவ. மலைக்கோட்டைல அன்னிக்கு நீ ஏறினத நான் பாத்தேன். நாங்க மூணு பேரும் குருடு மாதிரி சுவத்தத் தடவிட்டு நின்னோம்." சற்று நிறுத்தினாள். "உன் டப்பா எந்த எடத்துல இருக்கணும்னு எனக்கு இப்பத் தெரியும்."

அவள் என்ன கேட்கிறாள் என்று புரிந்தது. கேட்கத் தெரியாமல் கேட்கிறாள். நான் கொஞ்சம் யோசிப்பது போல் இருந்தேன். பிறகு, முன்னறை காலியாகத்தான் இருக்கிறது என்றேன்.

சாப்பாட்டைப் பிரித்தோம். குடையை ஜூலியட் பிடித்தாள். இந்த முறை காக்காவைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஜூன் 2, ஞாயிறு

இன்று முதல் இந்த டைரியை அகத்தா எழுதுகிறாள். சொல்வது நான். சொல்வதை மட்டும் எழுத வேண்டும், சொந்தக் கருத்து சேர்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

(சேர்க்கவில்லை. அகத்தா.)

ஜூலியட்டும் டோனாவும் காலை ரயிலில் சென்னைக்குப் போனார்கள். பூசையிலிருந்து நேரே ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனேன். அகத்தாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அவள்தான் என்னைப் பிடித்தாள் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். அவளுக்கும் மூட்டு வலி உண்டு. ரயில் கிளம்பும்போது டோனா ஜன்னலிலிருந்து, "பெரிய அம்மாச்சி, இன்னிக்குச் செருப்பு சரியா இருக்கு" என்று கத்தினாள். பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் எல்லோரும் என் காலைப் பார்த்திருப்பார்கள். பார்க்கட்டும், ஒரே ஜோடிதான்.

அகத்தாவின் மீதிச் சாமான்கள் அடுத்த வாரம் மதுரையிலிருந்து வருகின்றன. அவளுக்கு முன்னறை. ரேடியோவை வைத்துக்கொள்ளலாம், ஆனால் நிலையத்தைச் சரியாகத் திருப்ப வேண்டும். அந்த இரைச்சல் எனக்கு ஆகாது. நாளை கண் மருத்துவரிடம் போகிறோம். இருக்கிற பார்வையைக் காப்பாற்றச் சொட்டு மருந்து தருவாராம். அடுத்த கோடைக்கும் வெளியூர் எங்கும் போக வேண்டாம் என்று முடிவு. மலைக்கோட்டை, பிறகு முக்கொம்பு. வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குள்ளும் போய் வரலாம். அகத்தாவுக்குத்தான் வாய் ஓயாதே, பூச்சி பூச்சியாகச் சொல்லட்டும்.

இந்த டைரியின் கோடுகள் மிக மெலிதாக இருக்கின்றன, அடுத்த ஆண்டு வேறு கடையில் வாங்க வேண்டும் என்று எழுதச் சொன்னேன். கோடுகள் நன்றாக, அழுத்தமாகத்தான் இருக்கின்றன என்கிறாள் அகத்தா.

மறுத்துப் பேசுகிறாள். வீட்டுக்குள்தானே, பேசலாம்.